யோகம் ரீச்சர் ஒளியில் அனுப்பிய குரல்

எனக்கு எழுத்து வந்தது முதுமையில்தான். வந்த நாளிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். பஸ்ஸின் பெயர்ப்பலகை, பிஸ்கற் பெட்டி, மதிலில் ஒட்டிய நோட்டீஸ், ஒன்றையும் விடுவதில்லை. சென்ற மாதம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றபோது மின்கம்பத்தில் புதிதாக ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. வழக்கம்போல ஆசையோடு கிட்டப் போனேன். கொக்குவில் என்று முதலில் வாசித்தேன். இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியை என்பதை வாசித்து முடிக்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகுதான் பெயருக்குப் போனேன். செல்வி சிவயோகம் தில்லையம்பலம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிய பெயர் வாய்க்குள் முழுதாகச் சேர்ந்தபோதுதான் அது எங்கள் யோகம் ரீச்சர் என்று விளங்கியது. மேலே படமும் இருந்தது. படத்தைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். நான் எழுத்தைத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் நின்றவர், "தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார்.

"ஓம். லைற்றிலை கதைச்சவ" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று ரீச்சரின் பழைய மாணவர் சுதாகரன் கேட்டார். திருநெல்வேலியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். "நான் சொல்லுறன், நீர் எழுதும்" என்றேன். "இல்லை ஐயா, நீங்களே எழுதுங்கோ. எவ்வளவு நாள் எடுத்தாலும் பரவாயில்லை, அந்தியேட்டிக்கு முதல் தந்தால் சரி" என்றார். நான் குருநகர் மீனவன், சூசைப்பிள்ளை. ரீச்சரிடம் படித்தவன் அல்ல. அவரைவிட எனக்கு வயதும் கூட. ஆனாலும் அவர் ஒரு காரியம் செய்ததை அருகில் நின்று பார்த்தவன். அதை எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த வருடம் அது. கிழிந்த வலையைப் பொத்துவதும் ஊர்க்கதை கதைப்பதுமாக நாங்கள் இறங்குதுறையில் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பின்னேரம் வெள்ளைத் தலையோடு ஓர் அம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மீன் வாங்க வந்தவர் என்றுதான் நினைத்தோம். அவர் மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அக்கரையில் தெரிந்த மண்டைதீவைக் காட்டி, "அண்ணை, இந்தத் தண்ணிக்கு மேலை காத்து அசையாமல் கிடக்கிற நேரம் எது?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கிறியள்?"

"இங்கையிருந்து அங்கை ஒரு லைற் அடிக்கப் போறன். அந்த லைற்றிலை என்ரை குரல் போகும்."

வலையோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் விடவில்லை. "லைற்றிலை கதை போகுமெண்டால், நாங்கள் லாம்பு கொழுத்தித் தொழிலுக்குப் போன காலத்திலை மீனெல்லாம் எங்களோடை கதைச்சிருக்க வேணுமே, ரீச்சர்" என்றேன். ரீச்சர் என்று எப்படி வாயில் வந்ததோ தெரியாது. நிற்கும் நிலையிலேயே அது தெரிந்தது.

அவரும் சிரித்தார். "உங்கடை லாம்பு ஒரே மாதிரி எரியும் அண்ணை. நான் என்ரை லைற்றைக் குரலுக்கு ஏத்தமாதிரிக் கூட்டிக் குறைப்பன். அங்கை இருக்கிற பெட்டி அந்தக் கூட்டல் குறைச்சலைப் பிடிச்சு, திரும்பக் குரலாக்கும். அவ்வளவுதான்."

எங்களுக்கு அது அவ்வளவுதானாகப் படவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இளைப்பாறிய பிறகும் அவர் சனிக்கிழமைகளில் மண்டைதீவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் படிப்பித்து வந்தார். மின்வெட்டு நீளும்போது தொலைபேசிக் கோபுரமும் செத்துப்போகும் நாட்கள் அவை. கோபுரம் இல்லாமலும் குரல் கடலைத் தாண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளையும் நம்பவில்லை. அப்படியென்றால் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நேராக எங்கள் கரைக்கு வந்திருக்கிறார்.

காற்று விவரம் சொல்வதற்காக நான் கொக்குவிலுக்குப் போகத் தொடங்கினேன். ரயில் பாதைக்கு அருகில், மதில் வளவுக்குள் அவர் வீடு. முன் அறை முழுவதும் வயர்கள். மேசையின் நடுவில், சுருட்டுப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. லேசருக்கு அளவாக மின்னோட்டம் கொடுப்பது அந்தப் பெட்டியின் வேலை. அவரும் சுதாகரனும் அதை டிரைவர் என்பார்கள். லேசர் ஒளியைத் தருவது டயோட் என்னும் ஒரு பொருள். பயறு அளவுதான் இருக்கும், மூன்று கால்கள். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் இரண்டு கொடுத்துவிட்டிருந்தார். அந்த வருடத்தில் வெளியிலிருந்து எதையும் எடுப்பிக்க வழியில்லை. இரண்டில் ஒன்று அதற்குள் செத்துவிட்டது.

"ஆர் கெடுத்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் கொன்றுபோட்டன்" என்றார் ரீச்சர், சமையலில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதுபோல.

அந்தச் செத்த டயோட்டை எரித்துக் காட்டினார். அதுவும் எரிந்தது. ஆனால் மங்கலாக, ஒரு சின்ன சிவப்பு பல்ப்பைப்போல. "இதுக்கு உயிர் போச்சுது. இனி வெளிச்சம் மட்டும்தான் தரும், லேசர் வராது. எவ்வளவு நேரத்திலை செத்தது தெரியுமே அண்ணை? கண் இமைக்கிற நேரத்திலை கோடியிலை ஒரு பங்கு எண்டும் வையுங்கோ. கை எடுக்க முதல் முடிஞ்சுது."

எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் எனக்குச் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். புதிய பெட்டியோடு டயோட்டை நேரே பூட்டக் கூடாது. முதலில் டயோட்டுக்குப் பதிலாகக் கடையில் வாங்கும் சாதாரண டயோட்கள் சிலவற்றை வரிசையாகப் பூட்டி, அவற்றோடு ஒரு சின்னத் தடையையும் சேர்த்து, அதன் ஊடாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று முள்ளு மீற்றரில் பார்க்க வேண்டும். இவற்றுக்கு ரீச்சர் வைத்த பெயர் கடா. வேள்விக்குக் கொடுக்கும் கடா. "நான் சுத்த சைவம் அண்ணை. ஆனால் இந்த மேசையிலை மட்டும் கடா இல்லாமல் ஒண்டும் நடக்காது" என்பார்.

முதல் டயோட்டுக்கும் கடா பூட்டித்தான் பார்த்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில், பெட்டியை நிறுத்தாமலே கடாவைக் கழற்றிவிட்டார். தன் மின்னோட்டத்தை வாங்க ஆளில்லாமல் போனதும் பெட்டி தன் வலு முழுவதையும் கூட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. டயோட்டின் கால் தொட்டதும் அவ்வளவும் அதன்மேல் பாய்ந்துவிட்டது.

"அப்ப கடா சாகேல்லை. டயோட்தான் பலி போச்சுது" என்றேன்.

"ஓம். பூசாரி பிழை விட்டால் அப்படித்தான்" என்றார்.

மிஞ்சிய டயோட் சாகாமல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது இந்த ஒன்றுதான். அது போனால் மண்டைதீவுப் பிள்ளைகளுக்குக் குரல் இல்லை.

அதன் பிறகு அவர் வேலை செய்த முறையை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மின்னோட்டத்தைக் கூட்டும் திருகைக் கடைசி வரை குறைப்பார். கடாவைப் பூட்டுவார். பிறகுதான் பற்றரியைத் தொடுவார். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கொண்டுவருவார். பிறகு பற்றரியைக் கழற்றுவார், பூட்டுவார், கழற்றுவார். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் முள் மெதுவாக எழும்புகிறதா, ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு இறங்குகிறதா என்று பார்ப்பார். துள்ளக் கூடாது. இலக்கம் காட்டும் மீற்றரும் அவரிடம் இருந்தது. அது துள்ளலைக் காட்டாது, முள்தான் காட்டும் என்றார். முள்ளைப் பார்க்கும் வேலை சில நாட்களில் எனக்கும் கிடைத்தது. எழுத்துத் தெரியாதவனும் முள்ளை வாசிக்கலாம். ரயில் வரும் சத்தம் கேட்டால், மேசை நடுங்கும் என்று கையை எடுத்துவிட்டு, "போகட்டும்" என்பார். ரயில் போகும். மறுபடி தொடங்குவார்.

முடிந்ததும் திருகைக் குறைத்து, பற்றரியைக் கழற்றி, பேசாமல் கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு பெட்டியிலிருந்து வெளியே வரும் இரண்டு வயர்களையும் ஒரு கம்பியால் சேர்த்துத் தொடுவார். உள்ளே பதுங்கிக் கிடப்பது எல்லாம் வெளியேறிவிடும். அதற்குப் பிறகுதான் கடாவுக்கு விடுதலை. நான் எத்தனையோ வருடம் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். பீடத்தில் கிண்ணத்தைத் துடைத்து மூடிவைக்கும் சுவாமியாரின் கைகளில் மட்டும்தான் அந்த நிதானத்தைக் கண்டிருக்கிறேன்.

புரட்டாதியில் சோளகக் காற்று அடங்கியது. பொழுது சாய்ந்த மைம்மல் நேரத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும் ஒரு நாளை நான் சொன்னேன். சொன்னபடியே அன்று காற்று நின்றது. அக்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, குரல் பிடிக்கும் பெட்டியைச் சுற்றி இருந்தார். இக்கரையில் ரீச்சர், சுதாகரன், நான், பார்க்க வந்த எங்கள் ஆட்கள். ஒளி போகும் பாதையில் வள்ளம் வராமல் பார்ப்பது என் பொறுப்பு. ஒளி யாருடைய கண்ணிலும் படாதபடி பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தாங்கியில் ஏற்றச் சொன்னார் ரீச்சர். "டயோட் போனால் டயோட். கண் போனால் எந்தத் தம்பி அனுப்புவான்?" என்றார்.

சுதாகரன் சட்டைப் பையிலிருந்து டயோட் இருந்த சின்னத் தகரப் பேணியை எடுத்தார். "கொழுவுவமே ரீச்சர்?"

"கடாவைக் கொழுவு."

"ஒரு கிழமையாய்ப் பாத்ததுதானே. நேற்றும் பாத்தனாங்கள்."

"அது கொக்குவில் காத்திலை. இது சூசை அண்ணையின்ரை காத்து."

சுதாகரன் என்னைப் பார்த்தார், காற்றை நான் கெடுத்து வைத்ததுபோல. பிறகு கடாவைப் பூட்டினார். பற்றரியும் பூட்டியாயிற்று. முள் மெதுவாக எழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ரீச்சர் திருகை ஒரு நகத்தளவு அசைத்தார். முள் மீற்றரின் மறு கரைக்குப் பாய்ந்து திரும்பி வந்தது.

"கண்டனீங்களே?" என்றார்.

"மீற்றர் வயர் ஆடியிருக்கும் ரீச்சர்" என்றார் சுதாகரன்.

வயரை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசைத்தார். ஒன்றும் இல்லை. "பாத்தியளே, வயர்தான்" என்றார் சுதாகரன். ரீச்சர் மூன்றாவது முறை அசைத்தார். முள் பாய்ந்தது. சுதாகரன் வயரை விட்டுவிட்டார்.

அந்தத் திருகு பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றியது. புதிது வாங்கக் கடையில் இல்லாத காலம். கொக்குவிலில் அது நல்ல பிள்ளையாக இருந்தது. எங்கள் கரையில் வந்து அரைநாள் நின்றதும் உப்புக்காற்று உள்ளே புகுந்து, அதன் நாக்கு சில இடங்களில் தொட மறந்துவிட்டது. தொடாத அந்த ஒரு கணத்தில் பெட்டி முழு மின்னோட்டத்தையும் விட்டுவிடும். கடா தாங்கும். டயோட் தாங்காது.

அக்கரையிலிருந்து வாத்தியார் தொலைபேசியில் கூப்பிட்டார். இருட்டுகிறது, பிள்ளைகள் குரல் வருமா என்று கேட்கிறார்கள் என்றார்.

"இண்டைக்கு வராது எண்டு சொல்லுங்கோ. நான்தான் வேண்டாமெண்டனான் எண்டும் சொல்லுங்கோ" என்றார் ரீச்சர்.

எங்கள் ஆட்களில் ஒருவர், "முள்ளு ஒவ்வொரு முறையும் துள்ளேல்லைத்தானே ரீச்சர். திருகைத் தொடாமல் விட்டால் ஒருக்கால் பாக்கலாமே" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஏனென்றால் எங்களுக்கு ஒன்று தெரியும். அடுத்த திங்கட்கிழமை ரீச்சருக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை. வயிற்றில் ஒரு கட்டி. அது எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள்.

சுதாகரன் ரீச்சருக்குக் கிட்ட வந்தார். "ரீச்சர், திங்கக்கிழமை நீங்கள் போறியள். திரும்பி வந்தாப்போலை எண்டு சொல்லுறது..." அவரால் முடிக்க முடியவில்லை.

ரீச்சர் அவருக்காக முடித்து வைத்தார். "நான் திரும்பி வராட்டிலும் டயோட் கிடக்கும் சுதா. நீ செய்யலாம், ஆரும் செய்யலாம். இப்ப எரிச்சால் ஒருத்தராலும் ஏலாது."

அவர் அதை உரத்துச் சொல்லவில்லை. நான் கடலில் பிறந்து வளர்ந்தவன். ஒரு பொழுதுதான் மிச்சம் என்றால் காற்றையும் பாராமல் வள்ளத்தை இறக்குகிறவர்கள் நாங்கள். தனக்கு இன்னொரு மாலை உண்டா என்று தெரியாத ஒருவர், கையில் இருந்த மாலையை இப்படி மடித்து வைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்று எதையும் பூட்டப் போவதில்லை. ஆனாலும் அவர் திருகைக் குறைத்தார், பற்றரியைக் கழற்றினார், பேசாமல் இருந்தார், இரண்டு வயர்களையும் கம்பியால் தொட்டார். பிறகுதான் கடாவைக் கழற்றினார்.

மழை தொடங்க முன் அவர் திரும்பி வந்தார். மெலிந்து போயிருந்தார். சேலை தோளில் நிற்கவில்லை. நான் மீன் கொண்டுபோனால் வாங்கமாட்டார் என்பதால் முருங்கைக்காய் கொண்டுபோனேன். "கொழும்பிலை என்ன சொன்னவை?" என்று கேட்டேன். "எடுத்துப் போட்டினம். மிச்சத்தைப் பாப்பம் எண்டினம்" என்றார். அதற்குமேல் அந்தக் கதை இல்லை. பெட்டியைத் திறந்து காட்டினார். திருகே இல்லை. அதன் இடத்தில் அசையாத ஒரு தடையை ஒட்டிவிட்டிருந்தார்.

"திருக ஒண்டு இருந்தால்தானே பிழை வரும். எவ்வளவு வேணும் எண்டு தெரிஞ்ச பிறகு திருகு என்னத்துக்கு?" என்றார். உப்புக்காற்று புகாமல் எல்லாவற்றையும் மெழுகால் மூட வேண்டும் என்று அவர் சொல்ல, நான் எங்கள் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்கடை மாதா என்ரை பெட்டியைப் பாக்கட்டும்" என்று சொல்லி உருக்கி ஊற்றினார்.

இந்த முறை அவரே கடற்கரையில் பெட்டியைப் பல நாள் வைத்துப் பார்த்தார். மாரி மழை கழிந்து, மாசியில் ஒரு மாலை வந்தது. அன்று என்னை அக்கரைக்குப் போகச் சொன்னார். "கேக்கிற பக்கத்திலை நீங்கள் நில்லுங்கோ அண்ணை. கேக்காட்டில் கேக்கேல்லை எண்டு சொல்லுற ஆள் எனக்கு வேணும். மற்றவை என்னிலை இரக்கப்பட்டுக் கேட்டது எண்டு சொல்லிப்போடுவினம்." கேட்டால் ரோச் லைற்றை இரண்டு தரம் அடிக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு.

எனவே அவர் டயோட்டைப் பூட்டிய கணத்தை நான் காணவில்லை. கடாவைப் பூட்டிப் பார்த்திருப்பார் என்று மட்டும் தெரியும். மண்டைதீவுக் கரையில் பிள்ளைகளைப் பெட்டிக்குப் பின்னால் இருத்திவிட்டு, குருநகர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. திடீரென்று அக்கரையில் சிவப்பாக ஒரு வெள்ளி எழுந்தது. இரைச்சல் அடங்கியது. கொஞ்சமும் எதிர்பாராமல், காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதுபோல ரீச்சரின் குரல் வந்தது.

"சுதா, உந்த வயரிலை கால் வையாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? மாடு மாதிரி நிக்கிறாய்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குரல் போகத் தொடங்கிவிட்டது என்று அவருக்கு இன்னும் தெரியாது. கடலுக்கு மேலால் ஒளியில் வந்த முதல் வார்த்தை அந்த ஏச்சுத்தான். நான் சிரிப்பில் ரோச்சை அடிக்க மறந்தேன். வாத்தியார் என் கையைத் தட்டினார். இரண்டு தரம் அடித்தேன்.

ரோச்சைக் கண்டதும் அக்கரையில் ஏச்சு நின்றது. பிறகு, "பிள்ளையள், கேக்குதே?" என்று வந்தது. பிறகு அவர் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். ஒளி எப்படிக் கூடிக் குறைகிறது என்று சொன்னார். "நம்பிக்கை இல்லாத ஆக்கள் இருப்பியள். சூசை அண்ணை, பெட்டியின்ரை வாயைக் கையாலை மூடுங்கோ" என்றார்.

மூடினேன். குரல் நின்றது. என் புறங்கையில் மிக இலேசாக அந்தச் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. அக்கரையில் ரீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் பேசுவது முழுவதும் வந்து என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. பாரம் இல்லை, சூடு இல்லை, சத்தம் இல்லை. ஒரு மனிசியின் குரல் என் கையில் இருந்தது. நான் எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. "ஐயா, கையை எடுங்கோ" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எடுத்தேன். "...அதுதான் உண்மை, விளங்கிச்சுதே?" என்று ரீச்சர் எதையோ சொல்லி முடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் அவர் சில வருடங்கள் இருந்தார். வேறு பள்ளிக்கூடங்களும் கேட்டு, அந்தப் பெட்டி பல கரைகளுக்குப் போய் வந்தது. நான் வாசிக்கப் பழகுகிறேன் என்று சொன்னபோது, "கடைசியாய் என்ன வாசிச்சனீங்கள்?" என்று கேட்டார். "சீமெந்துப் பை" என்றேன். "நல்லது, அதிலை பொய் எழுதமாட்டினம்" என்றார். கட்டி திரும்பி வந்ததை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவர் போன செய்தியை நான் மின்கம்பத்தில்தான் வாசித்தேன்.

கொக்குவில் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, டயோட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று சுதாகரன் என் காதுக்குள் சொன்னார். மண்டைதீவிலிருந்து வந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்து, வாசலில் நின்றார்கள். நான் ரீச்சரின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ரீச்சர், நீங்கள் அன்று கடலுக்கு மேலால் சொன்னவை எல்லாம் எங்களுக்குக் கேட்டன. என் கையில் பட்ட அந்தச் சில சொற்கள் மட்டும் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. கேட்கவில்லை. இனி அவை என்னிடமே இருக்கட்டும். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.